சிவப்பு விளக்கு, கரகரப்பு, மழையில் மறையும் படம்: டெல்டா வீடுகளில் சிக்னல் எங்கே தொலைகிறது?

"நெட் வரல" என்ற ஒரே புகாருக்குள் ஏழெட்டு வகைக் கோளாறு இருக்கும். மன்னார்குடியில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஓடும் வீடியோ, கண்ணாடி இழையில் ஒளியாக ஊருக்குள் வருகிறது. மோடத்திலிருந்து செம்புக் கம்பியில் மின்துடிப்பாக மாறி, கடைசிப் பத்தடி காற்றில் வானொலி அலையாகக் கைப்பேசியை எட்டுகிறது. இந்த மூன்று வழிக்கும் பகை வேறு வேறு. கண்ணாடிக்கு வளைவும் தூசியும் ஆகாது. செம்புக்கு ஈரம் ஆகாது. காற்றில் போகும் அலைக்குச் சுவரும் தென்னை ஓலையும் ஆகாது. அதனால் கோளாறு தேடும்போது "எவ்வளவு வேகம் வருது?" என்பதைவிட "எப்போ போகுது?" என்பதே முதல் கேள்வி. மழையிலா, உச்சி வெயிலிலா, அறுப்பு நேரத்திலா, வயலில் தண்ணீர் நிற்கும்போதா? பதிலைக் கேட்டாலே எந்த வழியில் தேடுவது என்பது பாதி தெரிந்துவிடும்.

எதையும் கழற்றும் முன் ஒரு சோதனை. வைஃபையில் இருந்தபடியே கைப்பேசியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதன் முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. அது சட்டென்று திறந்தால் காற்று வழி சரியாக இருக்கிறது, கோளாறு கம்பியில் அல்லது அதற்கு அப்பால். அதுவே திணறினால் கோளாறு வீட்டுக்குள்ளேயே.

மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது

எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவதால் பயனில்லை.

மோடத்தின் பின்னால் மாட்டியிருக்கும் பேட்ச் கார்டின் (மஞ்சள் நிறச் சிறு இழைக் கேபிள்) தலையைப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளுங்கள். "டக்" என்று உட்கார வேண்டும். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு நழுவியிருப்பது சாதாரணம். தலையின் நிறத்தையும் பாருங்கள். பச்சைத் தலை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத் தலை நேராகத் தேய்க்கப்பட்டது. பச்சையை நீல இணைப்பானில் செருகினால் பொருந்துவதுபோல்தான் தெரியும். ஆனால் நடுவில் காற்று இடைவெளி விழுந்து ஒளியில் பெரும்பங்கு அங்கேயே வீணாகும்.

கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. வரும் ஒளி 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளியும் கண்ணைக் கெடுக்கலாம்.

அடுத்து பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் சிவப்பு என்றால் ஓர் இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் தெருமுனை ஸ்ப்ளிட்டர் பெட்டியிலோ அதற்கு முன்னாலோ அறுந்திருக்கிறது. உங்களால் செய்யக்கூடியது தகவல் சொல்வது மட்டுமே. ஏப்ரல், மே மாதங்களில் தூர்வாரும் வேலை நடக்கும் வாய்க்கால் கரையோரம் கேபிள் போயிருந்தால், பொக்லைன் நின்ற இடத்திலிருந்து தேடச் சொல்லுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் வேலையை முடிக்கும் அவசரத்தில் கரையில் புதைந்த கேபிள் வாளியில் சிக்குவது இங்கே வழக்கமான காரணம்.

உங்கள் வீட்டில் மட்டும் சிவப்பு என்றால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் கேபிளைக் கீழே நின்றபடியே கண்ணால் தொடருங்கள். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்து வைக்கோல் லாரி போகும் தெருவா? கதிர் அறுக்கும் இயந்திரம் நுழைந்த சந்தா? தென்னையில் கட்டிய இடத்தில் மட்டை விழுந்திருக்கிறதா? அணில் கடித்த இடம் உளியால் சீவியதுபோல் பள்ளமாக இருக்கும். எலி தரையோரமாகக் கடிக்கும். சிவப்பு லேசர் பேனாவை வீட்டுப் பக்கத்திலிருந்து விட்டுப் பார்ப்பார்கள். கறுப்பு உறைக்குள் முறிந்த இடம் அதில் தெரியாது. மஞ்சள் பேட்ச் கார்டிலும் இணைப்புகளிலும் உள்ள முறிவுதான் செந்நிறமாக ஒளிரும்.

அறுந்து கீழே கிடக்கும் கேபிளைத் தொடாதீர்கள். "கண்ணாடிதானே, கரண்ட் வராது" என்ற நம்பிக்கை உயிரைப் பறிக்கும். டிராப் கேபிளைத் தாங்குவதற்கு உள்ளே எஃகுக் கம்பி ஓடுகிறது. மேலே எங்காவது மின்கம்பியில் உரசிக்கொண்டிருந்தால் அந்த எஃகு வழியே மின்சாரம் தரைவரை வரும். முதலில் மின்னகம், 94987 94987. நெட்காரருக்கு அதன் பிறகு சொல்லலாம்.

விளக்கு பச்சைதான், ஆனால் வெயில் ஏறினால் போகிறது, சாயங்காலம் வருகிறது

கண்டுபிடிக்கக் கடினமானது இதுதான். யார் வந்து பார்த்தாலும் அந்த நேரம் நன்றாக ஓடும்.

கைப்பேசியில் திறக்கும் ரவுட்டர் பக்கத்தில் ஆப்டிகல் அல்லது பான் என்ற பகுதியில் ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும்; வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. அதைக் காலை 6 மணிக்கும், பகல் 2 மணிக்கும், இரவு 9 மணிக்கும் மூன்று நாள் எழுதி வையுங்கள். அந்தக் காகிதம் பத்து போன் அழைப்புக்குச் சமம்.

எண்ணைப் படிப்பது எப்படி? அது மைனஸ் டிபிஎம்மில் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு) இருக்கும். 3 டெசிபல் இறங்கினால் ஒளி பாதியாகிறது. 10 இறங்கினால் பத்தில் ஒன்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலையத்திலிருந்து +3 டிபிஎம் கிளம்புகிறது. 6 கிலோமீட்டர் இழையில் சுமார் 2 டெசிபல் போகும். ஒன்றை எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் ஏறக்குறைய 10.5, அடுத்து நான்காகப் பிரிப்பதில் 7. கனெக்டர், ஸ்பிளைஸ் (இழையை உருக்கி ஒட்டிய இடம்) எல்லாம் சேர்த்து 2. மொத்தம் 21.5 கழிந்தால் உங்கள் வீட்டில் மைனஸ் 18.5 வர வேண்டும். மைனஸ் 15 முதல் 22 வரை நிம்மதி. 25 தாண்டினால் கவலை. 27, 28-ல் மோடம் கைவிரித்துவிடும். மைனஸ் 8-ஐவிட அதிக ஒளி வந்தாலும் ஆகாது, வாங்கும் பகுதி திகட்டிப்போகும். நடுவில் ஸ்ப்ளிட்டர் இல்லாமல் நேரடியாகக் கொடுத்த இடத்தில் இது நேரும்.

கணக்குப்படி 18.5 வரவேண்டிய வீட்டில் 25 காட்டுகிறது என்றால் ஒளியில் முக்கால் பங்கு எங்கோ கசிகிறது. கசியும் இடங்கள் மூன்று.

முதலாவது தூசி. ஒளி ஓடும் கருவின் விட்டம் 9 மைக்ரான். தலைமுடியில் ஏழு எட்டில் ஒரு பங்கு. நெல் தூற்றும் நாளில் பறக்கும் தூசியில் ஒரு துகள் முனையில் உட்கார்ந்தால் போதும். வேட்டி நுனியில் துடைப்பது இன்னும் மோசம். நூல் பிசிறும் கை எண்ணெயும் ஒட்டிக்கொள்ளும். ஒற்றை அழுத்தில் துடைக்கும் கிளீனர் பேனா, அல்லது பிசிறு விடாத தாளும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும். ஈரத் துடைப்புக்குப் பின் உலர்ந்த துடைப்பு ஒன்று அவசியம். இணைப்பானின் உள்பக்கத்தையும் துடைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துடைத்தால் மறுபக்கத்து அழுக்கு திரும்ப ஏறிவிடும்.

இரண்டாவது வளைவு. பழைய வகை இழை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைந்தால் ஒளி பக்கவாட்டில் வெளியேறும். வீட்டுக்குள் ஓட்டும் வளைவு தாங்கும் இழை 1 சென்டிமீட்டர், அதில் உயர்ந்த வகை 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். ஜன்னல் நிலையில் ஆணி அடித்து மடக்கியது, மிச்ச கேபிளைக் கம்பியால் இறுக்கிக் கட்டியது, பீரோவை நகர்த்தியபோது சுவரோடு நசுங்கியது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வளைவா தூசியா என்று பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. அலைநீளம் கூடக்கூட வளைவில் இழப்பு கூடும். கீழ்நோக்கி வருவது 1490, மேல்நோக்கிப் போவது 1310. நிலையத்தில் கேட்டு இரண்டு பக்க எண்ணையும் ஒப்பிடுங்கள். வருவது மட்டும் அதிகமாக இறங்கி, போவது கொஞ்சமே இறங்கியிருந்தால் வளைவு. இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் தூசி அல்லது கெட்ட இணைப்பு. ஓடிடிஆர் (இழையில் எங்கே இழப்பு என்று காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் 1310-லும் 1550-லும் அளந்து இதே தர்க்கத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாவது, வெயிலோடு வந்து போகும் கோளாறின் வழக்கமான குற்றவாளி: ஃபாஸ்ட் கனெக்டர். உருக்கி ஒட்டாமல் இரண்டு இழை முனைகளை ஒரு ஜெல் துளியில் எதிரெதிரே வைத்து அழுத்தும் தலை இது. ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம் என்பதால் எல்லோரும் போடுகிறார்கள். ஆனால் தகரக் கூரையின் அடியில் பகல் வெயிலில் பிளாஸ்டிக் விரிந்து இழை இம்மி நகர்ந்தால் 3 முதல் 5 டெசிபல் போய்விடும்; சாயங்காலம் குளிர்ந்ததும் திரும்பும். உங்கள் காகிதத்தில் காலை மைனஸ் 22, பகல் மைனஸ் 27, இரவு மைனஸ் 22 என்று இருந்தால் தயங்காமல் அந்தத் தலையை வெட்டி எறிந்துவிட்டு, தொழிற்சாலையில் முனை போட்ட பிக்டெயிலை (ஒரு பக்கம் தலை உள்ள சிறு இழைத் துண்டு) உருக்கி ஒட்டச் சொல்லுங்கள். நல்ல ஸ்பிளைஸில் இழப்பு 0.1 டெசிபலுக்குள் அடங்கும், வெயிலுக்கும் அசையாது. கூடுதலாகக் கேட்கும் காசைக் கொடுங்கள், வீண்போகாது.

எண் நன்றாக இருந்தும் பான் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறதா? ஒளி வருகிறது, உங்கள் மோடத்தை நிலையம் ஏற்கவில்லை. பதிவுக் கோளாறாக இருக்கலாம். அதே ஸ்ப்ளிட்டரில் வேறு ஒரு வீட்டு மோடம் கெட்டு, தன் முறை வராதபோதும் ஓயாமல் ஒளி அனுப்பிக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும். அப்படியானால் தெரு முழுக்க ஒரே நேரத்தில் விட்டு விட்டுப் போகும். பெட்டியில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

வேகம் 94-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது

300 மெகாபிட் திட்டம் போட்டும் கணினியில் 94-க்கு மேல் ஏறவில்லை என்றால் அது லேன் கேபிள்தான். 1000 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு கம்பி தொடர்பு விட்டாலும் கருவிகள் இரண்டு ஜோடியில் ஓடும் 100-க்கு இறங்கிக்கொள்ளும். இரு முனையையும் வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். அந்த முறுக்குதான் பக்கத்து ஜோடியின் இரைச்சலைத் தடுக்கிறது.

வாங்கிய கேபிள் செம்புதானா என்பதையும் பாருங்கள். ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். 20 மீட்டருக்கு ஓடிவிடும். மோட்டார் கொட்டகை கேமராவுக்கு 80 மீட்டர் இழுத்து அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பினால் இரவில் கேமரா அணைந்து அணைந்து எரியும். நல்ல செம்புக் கேபிளுக்கும் எல்லை 100 மீட்டர்.

கூடத்தில் வருகிறது, கொல்லையில் வரவில்லை

கும்பகோணத்துப் பழைய வீடுகள் நீளமானவை: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லைக்கட்டு. ரவுட்டரைத் திண்ணைப் பக்கம் வைத்தால் ஒன்றரையடிச் சுண்ணாம்புச் சுவர் மூன்றைத் தாண்ட வேண்டும். முற்றத்தைப் பார்த்த சுவரில், வாசல்நிலை உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். திறந்த முற்றம் அலைக்கு ராஜபாட்டை. பீரோவின் மேலே வைக்காதீர்கள். கொல்லைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் கூடத்துக்குத்தான். 2.4-ல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை மட்டும் வையுங்கள், நடுவில் உள்ளவை இரண்டு பக்கமும் மோதும். அப்படியும் எட்டாவிட்டால் ரிப்பீட்டர் வாங்காமல், லேன் கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டரை அணுகுமுனையாக (ஆக்சஸ் பாயிண்ட்) போடுவதே சரி.

மழை பெய்தால் லேண்ட்லைன் கரகரக்கிறது

வீட்டு வயரிங்கைக் கழற்றிவிட்டு, வெளிக்கம்பி வந்து சேரும் பெட்டியிலேயே தொலைபேசியை மாட்டிக் கேளுங்கள். அங்கே சுத்தமாக இருந்தால் கோளாறு வீட்டுக்குள். அங்கேயும் கரகரத்தால் மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளவெடுங்கள். ரிசீவர் வைத்த நிலையில் 48 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். எடுத்ததும் 6 முதல் 12-க்குள் இறங்கும். வைத்திருக்கும்போதே 30-க்கு வந்தால் ஈரத்தின் வழியே மின்சாரம் கசிகிறது. மணியடிக்கும் நேரத்தில் 75 வோல்ட்டுக்கு மேல் மாறுமின்னோட்டம் வரும், வெறும் கையால் பிடிக்காதீர்கள்.

புதைத்த கேபிளுக்குள் ஜெல்லி நிரம்பியிருப்பதால் நீர் அதற்குள் ஓடாது. நீர் புகுவது ஜாயிண்ட்டில். திருவாரூர் பக்கத்துக் களிமண் கோடையில் வெடித்து மழையில் உப்புவதால் ஜாயிண்ட் இழுபட்டுத் திறந்துகொள்ளும். தொலைபேசியில் நேர்முனையைத் தரையில் கட்டி, கம்பியில் மைனஸ் 48 கொடுப்பதே இதற்காகத்தான்: ஈரத்தில் செம்பு அரித்துப் போகாமல் இருக்க அது உதவும்.

மழையில் டிடிஎச் படம் மறைகிறது

கொட்டும் மழையில் மறைந்து, மழை விட்டதும் ஐந்து நிமிடத்தில் திரும்பினால் கோளாறே இல்லை. தட்டுக்கு வரும் அலை 11, 12 கிகாஹெர்ட்ஸ். மழைத்துளி அதை விழுங்கும். இலேசான தூறலுக்கே போனால் தட்டு திசை நழுவியிருக்கிறது. 93.5 டிகிரி கிழக்கில் உள்ள செயற்கைக்கோளுக்குத் தஞ்சாவூரிலிருந்து தென்கிழக்கே, தரையிலிருந்து ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தில் தட்டு பார்க்க வேண்டும். அந்தத் திசையில் தென்னை வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மழை விட்டு அரைநாள் ஆகியும் வரவில்லை என்றால் கனெக்டரில் தண்ணீர். தட்டின் முனையில் கழற்றினால் நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் உப்புக்காற்றில் இது சீக்கிரமே வரும். அரை அடி வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தலை போட்டு, தானாக ஒட்டும் ரப்பர் டேப் சுற்றுங்கள். கேபிளை நேராக மேலேற்றாமல் ஒரு தொங்கல் விட்டால் நீர் அதன் அடியில் சொட்டிவிடும்.

ஏறக்குறைய பாதிச் சேனல் மட்டும் வரவில்லையா? செட்டாப் பெட்டி தட்டுக்கு 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து அலை, 18 கொடுத்தால் கிடை அலை. அரித்த கேபிளில் 18 குறைந்துபோய் தட்டைச் சேர்ந்தால் அது 13 என்றே எடுத்துக்கொள்ளும், கிடை அலைச் சேனல் எல்லாம் காணாமல் போகும். பெட்டியை மாற்றும் முன் தட்டின் முனையில் வோல்ட் அளந்து பாருங்கள்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் முற்பகல் 11 மணியை ஒட்டிச் சில நிமிடம் படம் போனால் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் நிற்கிறது. ஒன்றும் செய்ய வேண்டாம்.

கடலோர ஊரில் கைப்பேசியில் கட்டை முழுதாக இருந்தும் எதுவும் போகவில்லை

ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* அழுத்தினால் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்) எண் தெரியும். மைனஸ் 85 நல்லது, 105 பலவீனம், 115-க்குக் கீழே அறுந்து அறுந்து வரும். எண் நன்றாக இருந்தும் அதிகாலையிலிருந்து வெயில் ஏறும் வரை மட்டும் படம் அனுப்ப முடியவில்லை, அழைப்பு அறுகிறது என்றால் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் ஒரு தனிக் காரணத்தையும் சந்தேகிக்கலாம். கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன்மேல் வெப்பக்காற்றும் அடுக்காக நின்றால் அலை நடுவில் மாட்டி, குழாயில் போவதுபோல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். 2300 மெகாஹெர்ட்ஸில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் முறைபோட்டு நடக்கிறது. தொலைதூரக் கோபுரத்தின் அலை தாமதமாக வந்து, இங்கே கோபுரம் உங்கள் குரலைக் கேட்க வேண்டிய நேரத்தில் மோதும். சிம் போட்ட 4ஜி ரவுட்டர் என்றால் பேண்ட் 40-ஐ, அதாவது இந்த 2300-ஐ, விலக்கி 3 அல்லது 5-ல் பூட்டுங்கள். அவற்றில் போகவும் வரவும் தனித்தனி அலைவரிசை.

வயலில் தண்ணீர் கட்டியதும் ரேடியோ இணைப்பு தளர்கிறது

இழை போகாத சிற்றூர்களுக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இணைப்பு தருவது உண்டு. டெல்டாவில் மேடு கிடையாது, எல்லாம் கம்பத்தின் உயரத்தில்தான். 5 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி 8 மீட்டர் ஆரத்தில் அலையின் பாதை விரிகிறது. அதில் 60 சதவீதம், அதாவது 5 மீட்டர் அளவாவது ஓலை படாமல் இருக்க வேண்டும். தென்னை உச்சியை ஆன்டெனா "பார்த்துவிட்டால்" மட்டும் போதாது.

மரம் மறைக்கவில்லை, ஆனால் நடவுக்கு நீர் கட்டியதிலிருந்து பத்துப் பதினைந்து டெசிபல் குறைந்தது என்றால் வயல் கண்ணாடியாகிவிட்டது. நேராக வரும் அலையும் நீரில் பட்டுத் தெறித்த அலையும் எதிரெதிராகச் சேர்ந்து ஒன்றையொன்று அழிக்கின்றன. இரு பக்கமும் 20 மீட்டர் கம்பம், 5 கிலோமீட்டர் தூரம் என்றால் ஒரு பக்க ஆன்டெனாவை 3 மீட்டர் நகர்த்தினால் அழியும் இடத்திலிருந்து கூடும் இடத்துக்கு வந்துவிடும். ஏற்றத்தான் வேண்டும் என்றில்லை, மரம் இடிக்காவிட்டால் இறக்கினாலும் சரி. அரை மீட்டர் அரை மீட்டராக நகர்த்தி ஒவ்வோர் இடத்திலும் எண்ணைக் குறித்துக்கொண்டு, சிறந்த இடத்தில் கிளாம்பை இறுக்குங்கள். இதைச் செய்ய வேண்டியது வயலில் நீர் நிற்கும்போது; அறுப்புக்குப் பின் காய்ந்த தாளடியின்மேல் சரிசெய்த உயரம் அடுத்த நடவில் மறுபடி ஏமாற்றும்.